வெண்கலம் வீசும் கைகள்

மாதேஸ்வரன் மலையில் கம்சாளே பழக வருபவருக்கு முதல் பாடம் காலில் இல்லை, மணிக்கட்டில்

மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக மலையேறும் பஸ்களில் தமிழ்ப் பேச்சு புதிதல்ல. 1956ல் மாநிலங்கள் பிரிக்கப்படும்வரை கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர். எல்லைக்கோடு இப்படி நகர்ந்துகொண்டிருந்தாலும், எழுபத்தேழு மலைகளுக்கு அதிபதி என்று கொண்டாடப்படும் புலிவாகனன் மாதப்பனைத் தேடிவரும் சேலத்து, ஈரோட்டுக் கூட்டம் மட்டும் குறையவில்லை.

சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கும் ஒரு உலோக ஓசை உண்டு. அதுதான் கம்சாளே. கஞ்சம் என்று நாம் சொல்லும் அதே வெண்கலம். ஒன்று கிண்ணம்போல் குழிந்தது. இடது உள்ளங்கையில் அடங்கும். மற்றது தட்டையான வட்டு. நடுவில் கோத்த கயிற்றைப் பிடித்து வலது கையால் வீச வேண்டும்.

இந்த வீச்சில்தான் புதியவர் திணறுகிறார். உட்கார்ந்தபடி தாளம் பிடிப்பது சுலபமாகவே வந்துவிடும். எழுந்து நின்றதும் வட்டு தன் இஷ்டத்துக்குச் சுழல்கிறது. தலைக்கு மேல், முதுகுக்குப் பின், முழங்காலுக்குக் கீழ் என்று எங்கே போனாலும் அடுத்த அடிக்குள் அது கிண்ணத்துக்குத் திரும்பியாக வேண்டும். கை முழுவதையும் வீசுகிறவர் சீக்கிரமே களைத்துப்போவார். மணிக்கட்டை மட்டும் திருப்பப் பழகியவர் இரவெல்லாம் ஆடுவார்.

அடுத்த கட்டம் ஜோடி ஆட்டம். எதிரில் நிற்பவரின் வட்டைத் தன் கிண்ணத்தில் வாங்க வேண்டும். தன்னுடையதை அவர் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். தாக்குவதும் தடுப்பதுமாக, ஏறக்குறைய சிலம்பம். பீசு கம்சாளே என்கிற இந்த வகையில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்றும் வீசுவார்கள். சர்க்கஸ் கோமாளி தவறுவதுபோல் நடிக்கப் பயிற்சி எடுக்கிறார். கீழே விழுந்தாலும் கைதட்டல்தான். கம்சாளேக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. கனமான வெண்கலம் அரை அடி தவறினால் எதிராளியின் நெற்றி.

இதையெல்லாம் உடம்பு கற்றுக்கொண்டுவிடும். சிக்கல் வாயில் இருக்கிறது.

ஆட்டமாக மட்டும் பிறந்ததல்ல கம்சாளே. தேவர குட்டர்கள் எனப்படும் மாதேஸ்வரனின் அடியார்கள் குருவிடம் தீட்சை பெற்று, ருத்திராட்சம் அணிந்து, வீடுவீடாகப் பிட்சை எடுத்துப் பாடிவந்த கதைக்கு அது தாளம். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்துகொண்டு, பிறந்த மகனைக் குட்டனாக விட்ட குடும்பங்களும் உண்டு. 'சாலு' என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பாடப்படும் அந்தக் காவியம் இரவு இரவாக நீளும். ஏட்டைப் பார்த்தல்ல, குருவின் பின்னே நடந்துதான் மனப்பாடம் செய்தார்கள். 2001ல் சாகித்திய அகாதெமி இதை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டது. ஆனால் புத்தகத்தைப் பார்த்து யாரும் வீதியில் பாட முடியாது.

இப்போது கம்சாளேக்குக் கிராக்கி இல்லாமல் இல்லை. 1996ல் வந்த 'ஜனுமத ஜோடி' படப் பாட்டு மாதப்பனின் கதையைப் பட்டணத்துக் காதுகளுக்கும் கொண்டுபோனது. தசரா ஊர்வலம், பள்ளி ஆண்டு விழா, இளைஞர் விழா எல்லாவற்றிலும் இந்த ஆட்டம் உண்டு. பழகுபவர்களும் பெருகியிருக்கிறார்கள், நல்லதுதான். தீட்சை, பிட்சை என்ற நிபந்தனைகள் இல்லாமல் யாரும் கற்கலாம் என்பது சாதாரண மாற்றமல்ல. ஆனால் மேடைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் வீச்சைக் காட்டலாம், தோள்மேல் ஏறலாம். கதைக்கு இரண்டு பல்லவி மிஞ்சும்.

சங்கம்மாவின் சாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சோளகனான நீலேகவுடா, காட்டுக்குப் போகுமுன் மனைவி சங்கம்மாவிடம் கற்புக்குச் சத்தியம் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவளை வதைத்து, குடிசைக்குள் அடைத்துவிட்டுப் போகிறான். மாதேஸ்வரன் வருகிறார்; அவள் இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாயாகிறாள். முறையான குட்டர் பாடினால் அவள் மறுப்பதற்கே நெடுநேரம் ஆகும். விழா மேடையில், நீலேகவுடா சத்தியம் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த நிகழ்ச்சியை அறிவித்துவிடுகிறார்கள்.