எந்த ஆணுக்கு மரியாதை?

நிஷா பஹுஜா இயக்கிய ‘டு கில் எ டைகர்’ (2022) ஆவணப்படம் ஜார்க்கண்டில் ஒரு சிற்றூரில் நடக்கிறது. 13 வயது மகளைச் சீரழித்த மூவர்மீது ஒரு விவசாயி வழக்குத் தொடுக்கிறார். அந்த மூவரில் ஒருவனுக்கே பெண்ணைக் கட்டிவைத்துவிடு என்கிறது ஊர். மிரட்டலும் வருகிறது. அவர் மசியவில்லை. மகள் நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னாள்; மூவருக்கும் 25 ஆண்டுச் சிறை கிடைத்தது.

ஒரே ஊரில் வளர்ந்த ஆண்கள் இப்படி இரு வேறு திசைகளில் நிற்பது எதனால்? ‘ஆம்பளை உடம்பு அப்படி’ என்று டெஸ்டோஸ்டிரோன்மேல் பழிபோடுவார்கள். 2010இல் ‘நேச்சர்’ இதழில் ஐசனெகர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அந்தப் பேச்சை ஆட்டங்காண வைத்தது. பணத்தைப் பங்கு போடும் விளையாட்டு அது. ஒருவர் பங்கு பிரிப்பார். பிடிக்காவிட்டால் எதிராளி மறுக்கலாம், அப்போது இருவருக்கும் ஒன்றுமில்லை. பெண்கள் சிலருக்கு அரை மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெற்று மருந்து. ஹார்மோன் உள்ளே போனவர்கள் கூடுதல் நியாயமாகப் பிரித்தார்கள். எது கொடுக்கப்பட்டிருந்தாலும், தமக்குக் கிடைத்தது ஹார்மோன்தான் என்று நம்பியவர்களோ அநியாயமாகப் பிரித்தார்கள். மருந்து ஒன்று செய்ய, அதைப் பற்றிய நம்பிக்கை அதற்கு நேர்மாறாகச் செய்தது!

2016இல் 40 ஆண்களிடம் நடந்த சோதனையில் இன்னொன்று தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அநியாயம் செய்தவரைக் கடுமையாகத் தண்டித்தார்கள். தாராளமாக நடந்தவருக்குக் கூடுதலாகப் பரிசும் கொடுத்தார்கள். இந்த ஹார்மோன் வன்முறையை நேராகத் தூண்டுவதைவிட, நாலு பேர் மத்தியில் மதிப்புத் தேடவே தூண்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பண விளையாட்டில் கண்டதை ஊர்க் கலவரத்துக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனாலும், எதற்கு மதிப்பு என்பதை முடிவுசெய்வது ரத்தமல்ல, ஊர்.

எதற்கு மதிப்பு என்ற அந்த முடிவுக்காகத் தெருவில் மோதிய மண் தென் திருவிதாங்கூர். அங்கே தோள்சீலை போட்ட நாடார் பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தவர்கள், அதைத் தங்கள் சாதியின் வீரமாக எண்ணினார்கள். மேலாடை அணிய அனுமதிக்கும் அரச ஆணை 1859இல்தான் வந்தது. அடுத்த நான்காவது ஆண்டில், அதே மண்ணில், வெங்ஙானூரில், பின்னாளில் புலையர் உரிமைக்குப் போராடிய அய்யன்காளி பிறந்தார். அவரும் உடல்பலத்துக்குப் பேர்போனவர். அடிதடிக்கு அஞ்சாத இளைஞர் கூட்டம் அவரோடு இருந்தது. தம் சாதியினருக்குத் தடைசெய்யப்பட்ட சாலையில் 1893இல் வில்வண்டி ஓட்டினார். பிறகு பஞ்சமி என்ற புலையர் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார். மேல்சாதி ஆண்கள் அந்தப் பள்ளியைக் கொளுத்தினார்கள். ஒரு சிறுமி பெஞ்சில் உட்கார்ந்ததற்காகப் பள்ளியையே எரித்ததை வீரம் என்று அன்று எத்தனை பேர் மெச்சியிருப்பார்கள்!

பெண்கள் யாரும் ஆண்களின் தயவுக்குக் காத்திருக்கவில்லை. 1915இல் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில் அய்யன்காளி கேட்டுக்கொண்டதும், அடிமைக்குறியான கல்மாலைகளைப் பெண்களே அறுத்து மேடையருகே குவித்தார்கள்.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பையன் எதைச் செய்தபோதெல்லாம் ‘ஆம்பளைச் சிங்கம்’ என்று தட்டிக்கொடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவன் அதைத்தான் மறுபடி செய்வான்.