லென்சுக்குள் எழும் ஓசைகள்

மார்கழியில் தியாகராய நகர் வாணி மகாலிலோ மயிலாப்பூர் சபா ஒன்றிலோ நடைபெறும் கச்சேரியை, கேமராவிலேயே பொருந்திய மைக்கை மட்டும் நம்பிப் பதிவுசெய்தால், ஆலாபனையின் மெல்லிய இடங்களில் தம்புராவோடு சேராத ஒரு கரகரப்பும் பதிவாகக்கூடும். அது பெரும்பாலும் லென்சின் பழுதன்று, அதன் இயக்கமே.

காட்சியைத் தானாகத் துல்லியப்படுத்தும் ஆட்டோஃபோகஸ், பழைய நிக்கான் லென்சுகள் பலவற்றில், கேமராவுக்குள் உள்ள மோட்டார் ஒரு தண்டைச் சுழற்ற, அது பற்சக்கரங்களைத் திருப்புவதால் நிகழ்வது. ஆகவே அங்கே சத்தம் மிகுதி. கேனான் 1987-இல் கொண்டுவந்த அல்ட்ராசோனிக் மோட்டாரோ, செவிக்கு எட்டாத அதிர்வெண்ணில் அதிரும் வளையத்தின் உராய்வால் லென்சை நகர்த்துவதால், ஏறத்தாழ ஓசையற்றது. கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு இயங்கும்போது மெல்லிய ரீங்காரமும், அது தொடங்கும்போதும் நிற்கும்போதும் ‘டக்’கென்ற ஒலியும் எழுவது இயல்பு.

புதிய மிரர்லெஸ் லென்சுகள் சிலவற்றை, கேமராவை அணைத்தபின் அசைத்தால், உள்ளே ஏதோ கழன்றுவிட்டதுபோல் ஆடும். காந்த விசையால் நிறுத்தப்பட்டிருந்த பகுதி மின்சாரம் நின்றதும் பிடி தளர்வதே காரணம் என்பதால், இதற்காகப் பழுதுபார்ப்பவரைத் தேடுவது வீண்செலவு.

அடையாற்றை அடுத்த எலியட்ஸ் கடற்கரையில் மணல் புகுந்து, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது கேட்கும் நறநறப்பு அப்படிப்பட்டதன்று. மேலும் திருப்பினால் மணல் உள்ளே இறங்கிவிடும் என்பதால், வெளிப்புற மணலை மட்டும் ஊதி அகற்றி, லென்சைத் தேர்ந்த பணியாளரிடம் கொடுப்பதே முறை.