ஜனவரி முதல் தேதிப் பட்டியல்

ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. தத்தம் அணுசக்தி நிலையங்கள் எவை, எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பட்டியல் அது. இவற்றைத் தாக்குவதில்லை என்ற உடன்பாடு 1988 டிசம்பர் 31 அன்று, ராஜீவ் காந்தியும் பெனசீர் புட்டோவும் உடனிருக்க, இஸ்லாமாபாதில் கையெழுத்தானது. இரு நாடுகளும் தம்மை அணு ஆயுத நாடுகள் என்று அறிவிக்க அப்போது இன்னும் பத்தாண்டு இருந்தது. இன்றோ, சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீட்டின்படி, இந்தியாவிடம் சுமார் 180 அணுகுண்டுகள், பாகிஸ்தானிடம் சுமார் 170.

முதல் பட்டியல் 1992இல் கைமாறியது. பத்தாண்டு கழித்து, 2002 புத்தாண்டு நாளில், இரு படைகளும் எல்லையில் குவிந்து நின்றன. டெல்லி-லாகூர் பேருந்து அன்றுதான் நின்றுபோனது. பட்டியல் மட்டும் நிற்கவில்லை.

அந்தப் பேருந்தில்தான் 1999 பிப்ரவரியில் வாஜ்பாய் லாகூர் போனார். மூன்று மாதத்துக்குள் கார்கில் போர் வெடித்தது. ஆனாலும் சண்டைக்கு நடுவே பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவின் ஆர்.கே. மிஸ்ராவும் பாகிஸ்தானின் நியாஸ் நாயக்கும் இரு பிரதமர்களுக்கும் இடையே செய்தி சுமந்தார்கள். கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று இந்திய விமானப்படைக்குக் கண்டிப்பான உத்தரவு இருந்தது. போர் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது; பல உயிர்கள் போயின. ஆயினும் யோசிக்க அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்தின் அருமை இப்போதுதான் தெரிகிறது.

காஷ்மீரின் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின் 2025 மே 7இல் மூண்ட மோதல் நான்கே நாளில் ட்ரோன், ஏவுகணை என்று ஏறி, ராவல்பிண்டியின் நூர் கான் விமானத் தளம் வரை எட்டியது. மே 10 பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்தியத் தரப்பை அழைத்தார். மாலை 5 மணிக்குச் சண்டை நிறுத்தம் நடப்புக்கு வந்தது. இரு தரப்பு ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கும் இடையிலான நேரடித் தொலைபேசி பல பத்தாண்டுகளாக இருப்பது. அமெரிக்காவின் பங்கு எவ்வளவு என்பதில் டெல்லிக்கும் இஸ்லாமாபாதுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஆயுதங்கள் மாறிய வேகத்துக்கு உடன்பாடுகள் மாறவில்லை. சோதனைக்கு மூன்று நாள் முன்பே தகவல் தர வேண்டும் என்னும் 2005 உடன்பாடு பாலிஸ்டிக் ஏவுகணைகளோடு நின்றுவிடுகிறது. க்ரூஸ் ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் அதில் இடமில்லை. 2022 மார்ச்சில் இந்தியாவின் பிரமோஸ் க்ரூஸ் ஏவுகணை ஒன்று பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தபோது, அது தவறுதலாகப் பாய்ந்தது என்று இந்தியா அறிவிக்க இரண்டு நாள் ஆனது. நான்கு நாளில் ஒரு போரே முடிந்துவிடும் காலத்தில் இரண்டு நாள் மிக நீண்டது.

ஆட்களும் குறைந்துவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் இந்தியத் தூதரை வெளியேற்றியது, தன் தூதரையும் டெல்லிக்கு அனுப்பவில்லை; சம்ஜௌதா ரயிலும் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த லாகூர் பேருந்தும் அதே மாதம் நின்றன. முன்பு 110 பேர் பணியாற்றிய தூதரகங்களில் இன்று 30 பேருக்கே அனுமதி.

மோதல் ஓய்ந்த இரண்டு மாதத்துக்குள், 2025 ஜூலை 1 அன்று, தத்தம் சிறையில் இருக்கும் மறு நாட்டவரின் பட்டியலை இரு நாடுகளும் வழக்கப்படி மாற்றிக்கொண்டன. பாகிஸ்தான் கொடுத்ததில் மீனவர்கள் மட்டும் 193 பேர். அவர்களுக்காகப் பேச இஸ்லாமாபாதில் இந்தியத் தூதர் இல்லை.