மணநாளுக்கு முந்திய மாதங்கள்

திருமணத்தைப் பற்றி நாம் பேசும்பொழுது பெரும்பாலும் மணநாளைப் பற்றியே பேசுகிறோம். பந்தல், மேளம், தாலி, விருந்து ஆகியவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் பரிசம் போட்ட நாளுக்கும் தாலி ஏறும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி அந்த மாதங்களை எவ்வாறு கழிக்கிறாள் என்பதை நேயர்கள் சற்றே என்னோடு சேர்ந்து நோக்கலாம்.

கலியாணப் பெண் என்றால் வெயில் படாமல் வீட்டில் இருக்கவேண்டும் என்பது ஊர்நாட்டு வழக்கு. தோட்டத்தில் அதற்கு இடமில்லை. விடியுமுன் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்து, பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு கூடையைத் தலையில் மாட்டும் வேலை, நிச்சயமான மறுநாளும் அப்படியே தொடர்கிறது. சொல்லப்போனால் முன்னிலும் கூடுதலாகவே தொடர்கிறது. ஒரு நாட்பெயருக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஓர் அளவு உண்டு. அது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். பல இடங்களில் 18 கிலோ என்பது கணக்கு. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பதும் உண்டு. மணநாள் குறித்த பெண் இந்த மேலதிகக் கிலோவையும் கைக்காசையும் விடமாட்டாள். அவளுடைய கூறைச்சேலை பாதி அந்தக் கூடையிலிருந்துதான் வருகிறது.

இதனால் முகூர்த்தம் பார்ப்பதிலும் பஞ்சாங்கத்தோடு தேயிலைச் செடியும் சேர்ந்துகொள்கிறது. திம்புளை, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கங்களில் தை, மாசி மாதங்கள் வறட்சியும் கடுங்குளிருமானவை. பனி விழுந்து கொழுந்து கருகும் நாட்களும் வரும். தேயிலையின் மணத்துக்கு அக்காலம் பேர்போனது. வாங்குவோர் நல்ல விலை கொடுப்பர். பறிப்பவளுக்கோ அப்போது கொழுந்து குறைவு, மேலதிகக் கிலோவும் குறைவு. ஆகவே தையில் திருமணம் என்றால் ஐப்பசி, கார்த்திகைக் கொழுந்திலேயே பணம் சேர்த்திருக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் மழை கண்டு செடி தளிர்த்துக் கொழுந்து குமிந்து வரும். அப்போது உழைத்தால் ஆவணியில் பந்தற்கால் நடலாம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது நெல் விளையும் நாட்டுக்குப் பொருந்திய சொல். மலைநாட்டுக் கணக்கு வேறு.

பணத்தின் கதை நீண்டது. பெரிய கங்காணிமார் காலத்தில் தோட்டத்துக் கடன்களுள் முதன்மையானவற்றில் ஒன்று கலியாணக் கடன். பெரிய கங்காணி கொடுத்த கடன் அவருடைய ஏட்டில் ஏறும். தொழிலாளி வேறு தோட்டம் போக விரும்பினால் அக்கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டு அவனோடு போகும். கடனைத் தீர்த்தாலன்றி விடுதலை கிடையாது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குக் குறைவாயிருந்த நிலை 1984 வரை நீடித்தது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. இருந்தும், இன்றைய பொன் விலையையும் அந்தச் சம்பளத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு, ஒரு பவுன் தாலிக்கொடி என்பது எத்தனை நாள் கொழுந்து என்று கணக்கிடச் சிறிது துணிவு வேண்டும். அயலவர் சேர்ந்து பிடிக்கும் சீட்டு, சம்பள முற்பணம், அடகுக்கடை ஆகிய மூன்றையும் சேர்த்தே பெற்றோர் காரியத்தை நடத்துகின்றனர். முன்னாளில் இங்கு பரிசமே வழக்கு. சீதனம் பேசுவது பெரிதாக இருக்கவில்லை. பெண் உழைத்துச் சம்பாதிப்பவள் என்பதை இருவீட்டாரும் அறிந்திருந்தனர். அது இப்போது மாறிவருவது நல்லதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கவலை இடம். பழைய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் பெற்றோர், பிள்ளைகள், பாட்டி எல்லோரும் இருப்பர். மாப்பிள்ளை வீட்டிலும் அதே அளவுதான். ஆகையால் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்குவதோ, காம்பராவை நடுவே தடுப்பதோ மாப்பிள்ளை வீட்டாரின் முதல் ஏற்பாடாகிறது. விருந்தினர் வரும்போது பக்கத்துக் காம்பராக்காரர் தங்கள் கதவையும் திறந்து விடுவர். தனிவீடு கிடைத்த குடும்பங்களில் இந்த நெருக்கடி தணிந்துள்ளது. ஆயினும் லயங்கள் இன்னும் மறைந்துவிடவில்லை.

எல்லா மணப்பெண்களும் இன்று கொழுந்து பறிப்பவர்கள் அல்லர். கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவர் உண்டு; ஆசிரியைகள் உண்டு; வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து நகைக்குப் பணம் அனுப்பியவர்களும் உண்டு. மாமன் மகன், அத்தை மகன் என்ற உரிமைப் பேச்சும் முன்போல் முடிந்த முடிபாக இருப்பதில்லை. என்றாலும் பரிசம், தாய்மாமன் சீர், நலங்கு, மாரியம்மன் கோவிலில் வைக்கும் முதல் அழைப்பிதழ் ஆகியவை மாறவில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஓர் ஆயத்தம் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. பெண்ணின் பெயர் எல்லாக் கடதாசிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதே அது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். தேசிய அடையாள அட்டையில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டில். தோட்டத்துச் செக்ரோலில் வீட்டில் அழைக்கும் பெயர். சேமலாப நிதிக் கணக்கில் நான்காவதாக ஒன்று. தமிழ்ப் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், மறுபடி தமிழுக்கு வரும்பொழுது முத்துலட்சுமி எப்படி வந்து சேர்வாள் என்பது எழுதுவோர் கையில் இருக்கிறது.

பெயருக்கும் கடதாசிக்கும் இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்கலாம். மலையக மக்களின் வரலாறே அதற்கு விடை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் 1946க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்கவேண்டியிருந்தது. திருமணம் என்பது அங்கேயே ஒரு சாட்சியாக வந்து நின்றது. பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்நாட்களில் சம்பந்தம் பேசுவோர் குலம், கோத்திரம் கேட்குமுன், “நீங்கள் இந்தியாவுக்கா, இலங்கைக்கா?” என்று கேட்கவேண்டியதாயிற்று. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே கோவிலில் பூச்சூடி நின்ற பெண்கள் சிலர் தலைமன்னாரில் கப்பலேறினர்; உடன்பிறந்தோர் இங்கே இருந்தனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது.

இன்று அந்தக் கேள்வி இல்லை. ஆனால் திருமணப் பதிவு என்ற கேள்வி இருக்கிறது. முற்காலத்தில் தோட்டங்களில் கோவிலில் தாலி கட்டி, ஊர்ப்பெரியவர் சாட்சியாக நின்றால் போதும். பதிவுகாரரை அழைத்தவர் சிலரே. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவே சிறந்த சான்று. பதியாத வழக்குத் திருமணத்தையும் நீதிமன்றங்கள் ஏற்றதுண்டு. எனினும் திருமணம் நடந்ததென்று நிரூபிக்கும் பாரம், கணவன் இறந்தபின்போ கைவிட்டபின்போ, அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது. பந்தலில் சோறுண்ட சாட்சிகளுள் எத்தனை பேர் அப்போது உயிரோடிருப்பர்? 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி மணமகளுக்கும் மணமகனுக்கும் 18 வயது நிரம்பியிருக்கவேண்டும் என்பதையும் பெற்றோர் மறத்தலாகாது.

சேமலாப நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் அவள் பெயரில் சேர்கின்றன. பெண்கள் சாதாரணமாக 50 வயதில் இதைப் பெறுவர். திருமணத்தை முன்னிட்டு வேலையை விட்டு விலகும் பெண், விவாகச் சான்றிதழைக் காட்டி முன்னதாகவே பெறலாம். இதைக் கேள்வியுற்ற வீட்டார், “கலியாணக் கடனை அதில் அடைத்துவிடலாமே” என்று வேலையை விடச் சொல்வதுண்டு. சில மாதங்களில் அவள் கணவனின் தோட்டத்தில் மறுபடி கூடை மாட்டுவாள். பழைய சேமிப்போ பந்தலோடு கரைந்திருக்கும். உண்மையாகவே வேலையை விடுகிறவளுக்கு அது உதவி. தோட்டம் மாறித் தொழிலைத் தொடர எண்ணுகிறவள், கணக்கைத் தொடாமல், பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மட்டும் சரிபார்த்துக்கொள்வதே நன்று என்பது என் எண்ணம்.

இந்த அலுவல்களுக்கு கிராம உத்தியோகத்தரிடமும், பதிவாளரிடமும், பிரதேச செயலகத்துக்கும் போகவேண்டும். அம்பகமுவப் பிரதேசத்துத் தோட்டத்தார் நெடுங்காலமாக இதற்குக் கினிகத்தேனை வரை பஸ் ஏறினர். ஒருமுறை போய்வந்தால் ஒரு நாட்பெயர் போயிற்று. திருத்தம் இருந்தால் இரண்டு, மூன்று. கூறை எடுக்க ஹட்டனுக்கோ, நகைக்குக் கொழும்புச் செட்டியார் தெருவுக்கோ போகும் நாளைச் சந்தோஷமாகக் குறிக்கும் குடும்பம், இந்த நாட்களை மட்டும் தள்ளிப்போடுவது இயல்பே. நிச்சயமான மாதத்திலேயே தொடங்கினால் அவசரமின்றி முடியும்.

கடைசி வாரத்தில் நிரையிலுள்ள பெண்கள் காசு சேர்த்துப் பாத்திரமோ சேலையோ வாங்கிக் கொடுப்பர். கூடையையும் படங்கையும் தங்கைக்கோ தாய்க்கோ விட்டுவிட்டு அவள் பெயரை வெட்டிக்கொள்வாள். மறுவீடு, விருந்து முடிந்து புதுத் தோட்டத்துப் பிரட்டில் அவள் நிற்கும் காலையில், அங்குள்ள கணக்கப்பிள்ளை அவள் பெயரைக் கேட்டு எழுதுவார். அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்து, அதிலுள்ளபடியே எழுதச் சொல்லவேண்டிய நேரம் அதுதான். அடுத்த மாதம் பத்தாம் திகதி சம்பளச் சீட்டைப் பார்த்தபின் சொன்னால், அதைத் திருத்த இன்னொரு நாட்பெயர் போகும்.