ஹாஸ்டல் காலி, நிலா ஃபுல்!

தென்கொரியாவில் மேல்படிப்புக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்து, நீங்கள் சியோல் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்களேன். செப்டம்பரில் வகுப்பு ஆரம்பித்து சில வாரம்தான் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஹாஸ்டலே காலி! மெஸ் மூடியாச்சு. வழக்கமாகச் சாப்பிடும் சின்ன ஓட்டலிலும் ஷட்டர். என்னாச்சு, பந்த்தா?

பந்த் இல்லை பாஸ்... சூசோக்!

சந்திர நாட்காட்டியில் எட்டாவது மாசத்துப் பௌர்ணமி. முந்தின நாள், மறுநாள் சேர்த்து மூன்று நாள் அரசு விடுமுறை. நம்ம பொங்கலும் மகாளய அமாவாசையும் ஒரே நாளில் வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சூசோக். காலையில் புது அரிசிச் சோறும் பண்டங்களும் வைத்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். கல்லறையில் மண்டிக் கிடக்கும் புல்லை அதற்கு முன்பே வெட்டிச் சுத்தம் செய்துவிடுவார்கள். இதெல்லாம் சொந்த ஊரில்தானே நடக்கும்? அதனால் ரயில் டிக்கெட்டுக்கு அடிதடி. தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிளாம்பாக்கத்தில் சீட் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். (ஊருக்குப் போகாமல் ஏர்போர்ட்டுக்கு ஓடுகிற இளசுகளும் இப்போ நிறைய. அது வேற கதை.)

பண்டிகையின் ஹீரோ, சோங்ப்யன். அரிசி மாவைப் பிசைந்து, உள்ளே எள்ளுப் பூரணமோ பயறோ வைத்து, அரை நிலா மாதிரி மடித்து, பைன் மரத்து ஊசி இலைகளைப் பரப்பி ஆவியில் வேகவைக்கிறார்கள். அட, நம்ம கொழுக்கட்டை! பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொப்பு பிடித்துப் பழகியிருந்தால் நீங்கள் அங்கே ஸ்டார்தான். சோங்ப்யனை அழகாகப் பிடிக்கிறவளுக்கு அழகான பெண் குழந்தை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. பையன்கள் பிடித்தால் என்ன பிறக்கும் என்று யாரும் சொல்லக் காணோம்.

ஆனால், இதையெல்லாம் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால்தான் பார்க்க முடியும். கூப்பிடாவிட்டால்? கியோங்போக்குங் அரண்மனைக்குப் போகலாம், சூசோக் விடுமுறையில் டிக்கெட் கிடையாது. பெண்கள் கைகோத்து வட்டமாகப் பாடி ஆடும் ‘கங்கங்சுல்லே’ எங்கேயாவது நடந்தால் விடாதீங்க. யுனெஸ்கோவின் பாரம்பரியக் கலைகள் பட்டியலில் 2009-ல் சேர்ந்தது அது. பார்த்தால் நம்ம ஊர்க் கும்மி ஞாபகம் வரும்.

சுற்றிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்கு வருவீர்கள். ஜன்னலில் முழு நிலா. அம்மாவுக்கு போன் போட்டு, “நிலா பார்த்தியாம்மா?” என்பீர்கள். அங்கே அப்போதுதான் மணி ஐந்தரை. “இன்னும் வரலையேடா... சாப்பிட்டியா?” கப் நூடுல்ஸை கேமராவில் படாமல் தள்ளிவைத்துவிட்டு “ம்...” என்பீர்கள்.

அப்போது ஒரு முகம் ஞாபகம் வரும் பாருங்கள். இங்கே காலேஜில் படித்தபோது, பொங்கல் லீவுக்கு எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்களே... இரண்டாவது மாடியில் நின்று ஒரு மணிப்பூர்ப் பையன் கைகாட்டினானே, அவன். ரயிலில் கவுகாத்தியைத் தொடுவதற்குள்ளேயே பாதி லீவு தீர்ந்துவிடும். அப்புறம் எங்கே இம்பால்? மெஸ்ஸுக்கும் பூட்டு. திரும்பி வந்ததும் அவன் கையில் நாலு அதிரசத்தைத் திணித்தீர்கள், சரி. அந்த நாலு நாளும் என்னடா சாப்பிட்டே என்று கேட்டீர்களா?

அவன் நம்பர் இன்னும் உங்கள் போனில்தான் இருக்கும்.