புலியும் புல் தின்னும்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பது மானத்தைப் பற்றிய பழமொழி. விலங்கியல் பாடம் அல்ல. காட்டில் புலியின் எச்சத்தைப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு மான் முடிக்கும் எலும்புத் துணுக்குக்கும் நடுவே செரிக்காத புல் கிடைப்பதுண்டு. பசிக்காக அது தின்னவில்லை என்ற அளவில் பழமொழி தப்பித்துக்கொள்கிறது. அடுக்குமாடி வீட்டில் வளரும் பூனைக்கும் அதே பழக்கம்தான், ஆனால் அதற்குப் புல்தரை கிடையாது. கிடைப்பது வரவேற்பறையில் தொங்கும் மணிபிளான்ட்டும், பிறந்தநாளுக்கு வந்த பூங்கொத்தும். அதனால் ஒரு சிறு தொட்டியில் கோதுமைப் புல் வளர்த்துக் கொடுங்கள் என்று சொல்ல நியாயமிருக்கிறது. அது மருந்து என்பதற்காகவோ சத்துணவு என்பதற்காகவோ அல்ல. தடுக்க முடியாத ஓர் இயல்பூக்கத்துக்கு ஆபத்தில்லாத ஒரு பொருளைக் கொடுக்கிறோம், அவ்வளவே.

வயிறு சரியில்லாமல்தான் தின்கிறதா?

பூனை புல்லைக் கடித்தால் அதற்கு வயிற்றுக் கோளாறு, வாந்தி எடுக்கத்தான் கடிக்கிறது என்பது பெரும்பாலோர் நம்பிக்கை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை நடத்தையியல் அறிஞர் பெஞ்சமின் ஹார்ட்டும் சக ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் கேட்டுத் திரட்டி 2019இல் முன்வைத்த தகவல்கள் இந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தன. 71 சதவீதம் பூனைகள் குறைந்தது ஆறு முறையாவது செடிகொடிகளைத் தின்றிருந்தன. ஒருமுறைகூடத் தின்னாதவை 11 சதவீதம் மட்டுமே. தின்பதற்கு முன் 91 சதவீதம் பூனைகள் நலமாகவே இருந்தன. தின்ற பிறகு அடிக்கடி வாந்தி எடுத்தவை சுமார் கால்வாசி. ஆக, வாந்தி சில சமயம் வரும் விளைவு; அதுதான் நோக்கம் என்று சொல்ல ஆதாரமில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பூனைகள் பெரியவற்றைவிட அதிகமாகத் தின்றன, ஆனால் குறைவாகவே வாந்தி எடுத்தன என்ற செய்தி இதற்கு மேலும் வலு சேர்க்கிறது.

பின் ஏன் தின்கிறது? குடலின் அசைவைத் தூண்டிப் புழுக்களை வெளித்தள்ளுவதற்காகக் காட்டு முன்னோர்களிடம் உருவான பழக்கம் இது என்பது ஹார்ட்டின் விளக்கம். சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் விழுங்குவதை அவர் துணைக்கு அழைக்கிறார். நக்கி விழுங்கிய முடியை வெளியேற்றத்தான் என்பது இன்னொரு கட்சி. பூனை கக்கிய முடிப்பந்தில் சிக்கிய இலைத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றின் ரம்பப்பல் ஓரங்கள் முடியைக் கொக்கிபோல் பிடித்திழுக்கலாம் என்று 2025இல் ஓர் ஆய்வு சொன்னது. வழக்கு இன்னும் தீரவில்லை. தீராவிட்டாலும் நமக்கு நட்டமில்லை. இரண்டு கட்சியுமே இதை நோயாகப் பார்க்கவில்லை.

'என் பூனைக்குச் சத்துணவு தருகிறேன், குடற்புழு மாத்திரையும் கொடுக்கிறேன், புல் எதற்கு?' என்று கேட்கலாம். மாத்திரை கொடுத்த விஷயம் இயல்பூக்கத்துக்குத் தெரியாதே. எலியே கண்டிராத பூனையும் சோபாவில் நகம் தீட்டுகிறது. புல்லில் சத்து இருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சடிப்பவர்களின் பேச்சை மட்டும் அப்படியே ஒதுக்கிவிடலாம். பூனை முழு ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அது இறைச்சியிலிருந்துதான் பெற வேண்டும். விழுங்கிய புல் பெரும்பாலும் போன உருவத்திலேயே வெளியே வருகிறது.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு

மணிபிளான்ட்டின் இலையைக் கடித்தால் அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயில் குத்தி எச்சில் ஒழுக வைக்கும். பெரும்பாலும் அதோடு போகும். உண்மையான லில்லி வகைகள் அப்படியல்ல. முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே, பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலே போதும், ஓரிரு நாளில் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். அரளி இதயத்தைத் தாக்கும், சைகஸ் கல்லீரலை. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் கிழங்கு முதல் பூவரை நஞ்சுதான். 'புல் வைத்தால் பூனை இவற்றைத் தொடாது என்று என்ன நிச்சயம்?' என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார். நிச்சயமில்லை. ஆகவே நச்சுச் செடிகளை முதலில் வெளியேற்ற வேண்டும்; புல் தொட்டி அதற்குப் பிறகு.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயருண்டு. அதன் வேரை முகர்ந்த பூனை சொக்கிப்போய் உருளும். அது மயக்கும் வாசனையின் வேலை. புல் தின்னும் பழக்கத்தோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒரு டப்பா கோதுமை

முளைப்பாரி போட்டுப் பழகியவர்களுக்கு இதில் கற்க அதிகமில்லை. மளிகைக் கடை முழுக் கோதுமை போதும். பார்லி, ஓட்ஸ் விதைகளும் ஆகும். விதைக்கடையில் பூஞ்சைக்கொல்லி தடவி இளஞ்சிவப்பாக விற்கும் விதை கூடாது. நவதானியத்தை அப்படியே கொட்டவும் கூடாது, அதில் சோளம் கலந்திருக்கலாம். இளம் சோளப்பயிரை மேய்ந்த மாடு சயனைடு நஞ்சால் சாவது விவசாயிகளுக்குப் புதிதல்ல. ஒரு கைப்பிடி கோதுமையை இரவு ஊறவைத்து, அடியில் துளையிட்ட டப்பாவில் ஈரமான தென்னைநார்த் தூளைப் பரப்பி, அதன்மேல் நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடவும். இரண்டு மூன்று நாளில் முளை தெரியும். முளைப்பாரியை இருட்டில் வைத்து வெளுக்க விடுவார்கள். இதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். பத்து நாளுக்குள் விரல் நீளத்துக்கு வளர்ந்துவிடும். மூன்றாம் வாரம் மஞ்சளாகத் தொடங்குவதால், முதல் டப்பாவைப் பூனைக்கு வைக்கும் அன்றே அடுத்ததை விதைப்பது நல்லது.

முளையைச் சுற்றி வெள்ளையாக எதையாவது கண்டு பதற வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். படிந்து மறைந்தால் வேர்த் தூவி. சிலந்தி வலைபோல் அப்படியே நின்று மக்கல் வாடை அடித்தால் பூஞ்சை, டப்பாவோடு கொட்டிவிடுங்கள். நம் மழைக்காலப் புழுக்கத்தில் இது அடிக்கடி நேரும். கோதுமை என்றதும் குளூட்டன் பயம் வருவோருக்கு ஒரு வார்த்தை: குளூட்டன் மணியில் இருக்கிறது, இலையில் அல்ல.

புல் போதாத நேரம்

எப்போதாவது ஒருமுறை புல்லைக் கக்குவது வேறு. வாரத்தில் பல நாள் வாந்தி, எடை குறைவு, ஒரு நாளுக்கு மேல் பட்டினி என்பது வேறு. பூனை சாப்பிடாமல் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு, அப்போது புல்லைக் காட்டிச் சமாதானம் சொல்லக் கூடாது. புல்லாலேயே வரும் சங்கடம் ஒன்றும் இருக்கிறது. நீண்டு முற்றிய இலையை விழுங்கும்போது அது சில சமயம் அண்ணத்துக்குப் பின்னால் மூக்குப் பாதையில் ஏறிச் சிக்கிக்கொள்ளும். திடீரென்று ஓயாத தும்மல், குறட்டை போன்ற மூச்சு, விழுங்கத் திணறல் என்று தெரியும். மயக்க மருந்து கொடுத்து, அண்ணத்தை முன்னால் இழுத்து, கால்நடை மருத்துவர்தான் அதை உருவி எடுக்க வேண்டியிருக்கும். புல் விரல் நீளத்தைத் தாண்டும்போதே கத்தரிக்கோலால் நறுக்கிவிடச் சொல்வது இதற்காகத்தான்.