நெடுந்தொலைவுப் பயணத்தில் வாகனப் பழுது

நெடுந்தொலைவுப் பயணத்தில் வாகனப் பழுது என்பது, ஊர்விட்டு ஊர் செல்லும் மகிழுந்து அல்லது பிற இயக்கூர்தி நடுவழியில் எதிர்பாராத வகையில் இயங்க இயலாமல் நின்றுவிடுவதைக் குறிக்கும். டயர் வெடித்தல், இயந்திரம் அளவுமீறிச் சூடாதல், பேட்டரி தீர்ந்துபோதல், எரிபொருள் தீர்தல், மழைநீரில் சிக்குதல் ஆகியவை இதன் பொதுவான காரணங்களாகும். பழுதினால் மட்டும் நேரும் இழப்பு பெரும்பாலும் பணமும் நேரமுமே ஆகும். சாலையில் நின்றுவிட்ட வாகனத்தின் மீது பின்னால் வரும் வாகனம் மோதும்போது உயிரிழப்பு நேர்கிறது. ஆகவே ஆட்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அகற்றுவது முதற்பணியாகவும், பழுது நீக்குவது அதற்கு அடுத்த பணியாகவும் கொள்ளப்படுகின்றன.

இக்கட்டுரை பொதுவான செய்திகளுடன், தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம், கெடார் பகுதிச் சாலைகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. உதிரிப் பாகங்களுக்கு மெக்கானிக் கடைகளில் வழங்கும் பெயர்களே பயன்படுத்தப்பட்டுள்ளன.

வரலாறு

மகிழுந்தில் மேற்கொள்ளப்பட்ட முதல் நெடும்பயணமே வழியில் பழுதுகளைச் சந்தித்த பயணமாகும். 1888 ஆகஸ்ட் மாதத்தில் பெர்த்தா பென்சு என்னும் செருமானியப் பெண்மணி, தம் கணவர் கார்ல் பென்சு உருவாக்கிய மூன்று சக்கர ஊர்தியில், அவரிடம் தெரிவிக்காமல், தம் இரு மகன்களுடன் மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்சைம் நகருக்குச் சென்றார். இத்தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாகும். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். காப்பு தேய்ந்த மின்கம்பியைத் தம் காலுறைப் பட்டையால் சுற்றினார். தேய்ந்த தடைக்கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். எரிபொருளை வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் வாங்கினார்.

வாகனங்கள் பெருகியபின் ஓட்டுநர்களுக்கு உதவும் சங்கங்கள் தோன்றின. அமெரிக்காவில் 1902 ஆம் ஆண்டிலும், செருமனியில் 1903 ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவில் 1905 ஆம் ஆண்டிலும் இத்தகைய பெரும் சங்கங்கள் தொடங்கப்பட்டன.

இந்தியாவில் 1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசிடர் போன்ற மகிழுந்துகளை ஓட்டுநரே சாலையோரத்தில் ஓரளவு பழுது பார்க்க இயன்றது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 மாசு விதிகளுக்கு உட்பட்ட வாகனங்களில் உணரிகளும் கணினிக் கட்டுப்பாடும் மிகுதி. இவற்றில் சாலையோரத்தில் ஓட்டுநர் செய்யக்கூடிய பணி குறைந்துவிட்டது. எனினும் நின்ற வாகனத்தைச் சுற்றியுள்ள இடர் குறையவில்லை.

பின்மோதல் இடர்

ஓடும் வாகனத்தின் ஓட்டுநர் ஒரு தடையைக் கண்டு, அதை உணர்ந்து, பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ 2 வினாடிகள் ஆகலாம். அந்நேரத்திலும் வாகனம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதன்பின் வாகனம் நிற்பதற்கும் தொலைவு தேவை. உலர்ந்த தார்ச்சாலையில் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் என்னும் அளவில் மகிழுந்தின் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கான மொத்தத் தொலைவு கீழ்க்கண்டவாறு அமையும்.

மணிக்கு 60 கி.மீ. வேகம்: ஏறத்தாழ 53 மீட்டர்
மணிக்கு 80 கி.மீ. வேகம்: ஏறத்தாழ 80 மீட்டர்
மணிக்கு 100 கி.மீ. வேகம்: ஏறத்தாழ 110 மீட்டர்

ஈரச் சாலையிலும், சுமையேற்றிய லாரிகளுக்கும் இத்தொலைவு மேலும் கூடும். முகப்பு விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது விளக்கற்ற ஒரு பொருள் தெளிவாகத் தெரியும் தொலைவு பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர் வரை மட்டுமே. எனவே இரவில் 80 கி.மீ. வேகத்தில் வரும் கவனமான ஓட்டுநர்கூட, விளக்கின்றி நிற்கும் வாகனத்தைக் கண்டபின் நிறுத்த இயலாமல் போகலாம். நின்ற வாகனம் தன்னைத் தொலைவிலேயே காட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இக்கணக்கே அடிப்படையாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

1. வாகனம் இழுவை இழக்கும்போதே இடப்பக்கக் குறிவிளக்கை இட்டு, எஞ்சிய வேகத்தைப் பயன்படுத்திச் சாலையின் இடப்பக்க ஓரத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும். பஞ்சரான டயருடன் சிறிது தொலைவு மெதுவாக ஓட்டினால் டயரும் சக்கர வளையமும் கெடக்கூடும். ஆனால் ஓடுபாதையில் நிற்பதைவிட அது மேலானது.
2. வளைவு, பாலம், மேட்டின் இறக்கம் ஆகிய இடங்களில் நிறுத்துவதை இயன்றவரை தவிர்க்க வேண்டும்.
3. நான்கு குறிவிளக்குகளையும் ஒருசேர எரியவிட வேண்டும். இரவில் பின்விளக்கையும் அணைக்கக்கூடாது.
4. அனைவரும் இடப்பக்கக் கதவுகள் வழியாகவே இறங்க வேண்டும். உறங்கும் குழந்தைகளையும் முதியோரையும் வண்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது.
5. சாலையை விட்டு நன்கு விலகி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால் நிற்க வேண்டும். வாகனத்தின் முன்புறத்தில் நிற்கக்கூடாது. பின்னிருந்து மோதினால் வாகனம் முன்னோக்கியே தள்ளப்படும்.
6. இதன் பின்னரே தொலைபேசியில் உதவி கோர வேண்டும்.

எச்சரிக்கை முக்கோணம்

எச்சரிக்கை முக்கோணம் என்பது ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு விளிம்புகளைக் கொண்ட மடக்குப் பலகையாகும். இதற்கான பன்னாட்டுத் தரம் ஐக்கிய நாடுகள் அவையின் 27 ஆம் வாகன ஒழுங்குவிதியில் வரையறுக்கப்பட்டுள்ளது. இதனை வாகனத்துக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டர் தொலைவிலும், வேகமான சாலைகளில் 100 மீட்டருக்குக் குறையாமலும் வைப்பது மேற்கண்ட கணக்கிற்குப் பொருந்தும். சராசரி மனிதர் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 130 அடிகள் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். முக்கோணத்தை மார்புக்கு முன்னே பிடித்தபடி, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டு, சாலையின் வெளியோரமாகவே நடக்க வேண்டும்.

முக்கோணம் வைக்கச் செல்வதே சில வேளைகளில் உயிரிழப்புக்குக் காரணமாகிறது. இதனால் பிரித்தானியச் சாலை விதித்தொகுப்பு, பிற சாலைகளில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் முக்கோணத்தை வைக்குமாறு கூறினாலும், விரைவுச்சாலைகளில் அதைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. எசுப்பானியா 2026 சனவரி 1 முதல் முக்கோணத்துக்கு மாற்றாக, வாகனத்தின் கூரை மீது காந்தத்தால் ஒட்டும் மின்னொளி விளக்கைக் கட்டாயமாக்கியது. சாலையோரம் நடப்பது இடர் எனத் தோன்றினால் முக்கோணத்தை விட்டுவிட்டு விலகி நிற்பதே சரியானது.

தமிழ்நாட்டில் பழுதான லாரிகளுக்குப் பின்னால் கற்களையும் தழைகளையும் இடும் வழக்கம் உள்ளது. தழை பகலில் பயன்படக்கூடும். கற்களோ இரவில் தெரிவதில்லை. வாகனம் சென்றபின் அவை சாலையிலேயே விடப்படுவதால் இருசக்கர வாகனங்களில் வருவோர் விழுந்து இறக்க நேரிடுகிறது. கற்களை இடுவதைத் தவிர்க்க வேண்டும். இட்டவர் அவற்றை அகற்றிவிட்டே புறப்பட வேண்டும்.

பொதுவான பழுதுகள்

இயந்திரம் சூடாதல்: குளிர்விக்கும் நீர், ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தால் 100 பாகை செல்சியசில் கொதிக்காமல் தடுக்கப்படுகிறது. அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 பாகையாக உயர்கிறது. சூடான நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் உடனே நீங்கி, நீர் ஒரே நேரத்தில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். வெப்பமானி முள் ஏறத் தொடங்கியதும் குளிர்சாதனத்தை நிறுத்தி, வெப்பக்காற்றை முழு அளவில் திறந்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்ட பின்னரே மூடியைத் தொட வேண்டும். கொதிக்கும் இயந்திரத்தில் குளிர்நீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும்.

டயர்: காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மிகுதியாக நெளிந்து சூடாகிறது. கோடையில் முழுச் சுமையுடன் விரைந்து செல்கையில் இது வெடிப்புக்கு வழிவகுக்கும். வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். சக்கரம் மாற்றுவதற்குச் சமமான கெட்டித் தரை தேவை. சக்கர நட்டுகளை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் உடலின் எப்பகுதியையும் நுழைக்கக் கூடாது. சிறிய அளவு ஸ்டெப்னி பொருத்தப்பட்டால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது.

பேட்டரியும் மின்னாக்கியும்: நன்கு மின்னேறிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். இயந்திரம் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட்டு வரை இருக்க வேண்டும். ஓடும் வண்டியில் பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை எனப் பொருள். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தால் பல வண்டிகளில் நீரேற்றும் பம்பும் உடன் நின்றுவிடும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் இயந்திரம் கெடும்.

நீரில் நின்ற வண்டி: காற்று உறிஞ்சும் வழியாக இயந்திரத்துக்குள் நீர் புகுந்தால், நீரை அமுக்க இயலாமையால் பிஸ்டன் தண்டு வளையும். ஆகையால் வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை மீண்டும் முடுக்க முயலக்கூடாது.

மின் மகிழுந்து: இயக்கும் சக்கரங்கள் தரையில் உருளுமாறு இவ்வண்டியைக் கட்டி இழுத்தால் மின்னோடி கெடக்கூடும். தட்டையான மேடையுள்ள வண்டியில் ஏற்றியே கொண்டுசெல்ல வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம், கெடார் பகுதி

சென்னையிலிருந்து தென்மாவட்டங்களுக்குச் செல்லும் பெரும்பாலான வாகனங்கள் திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகச் செல்கின்றன. திண்டிவனத்தில் செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருட்டிணகிரி செல்லும் சாலையும், புதுச்சேரி செல்லும் சாலையும் பிரிகின்றன. விழுப்புரத்திலிருந்து மற்றொரு சாலை காணை, கெடார், கண்டாச்சிபுரம், வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலை செல்கிறது.

இவ்விருவகைச் சாலைகளில் இடரின் தன்மை வேறுபடுகிறது. நான்குவழிச் சாலையில் வேகம் மிகுதி. எனினும் சுங்கச்சாவடிகளின் ரோந்து வண்டியும் இழுவை வண்டியும் கிடைக்கும். கெடார் வழிச் சாலை ஊர்களையும் வயல்களையும் ஊடறுத்துச் செல்கிறது. முழுநிலவு நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தின் போதும் கிரிவலம் செல்வோரின் வாகனங்கள் இரவு முழுவதும் செல்கின்றன. கரும்பு வெட்டும் பருவத்தில் டிராக்டர் இழுவைப் பெட்டிகளும் இப்பகுதிச் சாலைகளில் செல்கின்றன. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை உள்ளது. பின்விளக்கும் ஒளிதிருப்பும் பட்டையும் இல்லாத பெட்டி இரவில் அச்சு முறிந்து நின்றால், மேலே கூறிய 40 மீட்டர் கணக்கே பின்வருவோரின் உயிரைத் தீர்மானிக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையோர மண் இளகி, ஓரங்கட்டும் வண்டி புதையக்கூடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவானது. விழுப்புரத்துக்குத் தெற்கே அரசூரில் வெள்ளம் சாலையை மூழ்கடித்ததால் சென்னை - திருச்சி போக்குவரத்து தடைப்பட்டது. இத்தகைய நாள்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே சிறந்த முன்னெச்சரிக்கையாகும்.

உதவி பெறுதல்

தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்னும் எண் 24 மணி நேரமும் செயற்படுகிறது. விபத்தோ காயமோ நேர்ந்தால் 108 அல்லது 112 எண்ணை அழைக்கலாம். அழைப்பவர் தாம் நிற்கும் இடத்தைத் தெளிவாகக் கூற வேண்டும். இதற்குக் கிலோமீட்டர் கல் பெரிதும் பயன்படும். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் மேற்பகுதி மஞ்சளாகவும், மாநில நெடுஞ்சாலைக் கல்லின் மேற்பகுதி பச்சையாகவும் இருக்கும்.

சாலை எண்களைக் கூறுவதில் குழப்பம் நேரலாம். 2010 ஆம் ஆண்டு வரை இவ்வழி முழுவதும் தே.நெ. 45 எனப்பட்டது. இப்போது சென்னை - திண்டிவனம் பகுதி தே.நெ. 32 எனவும், திண்டிவனம் - விழுப்புரம் பகுதி தே.நெ. 132 எனவும், விழுப்புரம் - திருச்சி பகுதி தே.நெ. 38 எனவும் வழங்கப்படுகின்றன. எண்ணுடன் செல்லும் திசை, கடந்து வந்த ஊர், சுங்கச்சாவடி ஆகியவற்றையும் கூறினால் உதவி விரைவில் வந்து சேரும்.

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் அமைந்துள்ளது. விபத்தில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி அவசரச் சிகிச்சை அளிக்கும் தமிழ்நாடு அரசின் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122, பிறருக்கு இடரோ இடையூறோ விளையும் வகையில் வாகனத்தைப் பொது இடத்தில் விட்டுவைப்பதைத் தடைசெய்கிறது. பிரிவு 127, பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேல் கவனிப்பாரற்று விடப்பட்ட வாகனத்தை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் அளிக்கிறது. 2019 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பிரிவு 134அ, விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரைச் சட்ட நடவடிக்கையிலிருந்து காக்கிறது. எனவே வழியில் நிற்போருக்கு உதவ அஞ்ச வேண்டியதில்லை.

முன்னேற்பாடு

புறப்படுவதற்கு முன் ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களின் காற்றையும், குளிர்விக்கும் நீர், இயந்திர எண்ணெய் ஆகியவற்றின் அளவையும், பின்விளக்குகளையும் சரிபார்க்க வேண்டும். முக்கோணம், கைவிளக்கு, ஒளிதிருப்பும் மேலங்கி, குடிநீர், முதலுதவிப் பெட்டி, தொலைபேசி மின்னேற்றி ஆகியவை வண்டியில் இருத்தல் நலம். உதவிக்குக் காத்திருக்கும்போது கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தை ஓடவிட்டு உறங்கக்கூடாது. கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை.

இவற்றையும் பார்க்கவும்

உள் எரி பொறி
சாலைப் பாதுகாப்பு
விழுப்புரம் மாவட்டம்
முதலுதவி